'மோஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழ்ப் பொருளும்

முன்னுரை

ஆங்கிலத்தில் மாணவர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'மோஸ்ட்' என்பது ஒன்று. அது பள்ளியின் கீழ்வகுப்பிலேயே கற்பிக்கப்படும் சிறிய சொல். அதற்குத் தமிழ் யாது என வினவின், நம்மவருள் பலர் 'மிக' என்று உடனே விடை கூறுவர். அச்சொல்லின் வழக்கு நால்வகைப்படும். அவற்றுள் ஒன்றற்கே 'மிக' என்பது முற்றும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் அதனைப் பெய்து எழுதுங்கால், தேர்தலில் வென்றவரை எத்துணைப் பேர் விரும்பினர், அணையில் நீர் எவ்வளவு நிற்கலாம் என்பன போன்ற பெரிய செய்திகளும் மயங்கிப் போகின்றன.

இஃது ஒருபுறமிருக்க, ஆங்கிலத்திலுள்ள உச்ச நிலை விகுதி தமிழில் இன்மையால் தமிழ் குறையுடைய மொழியே என்று கூறுவாரும் நம் மாணவருள் உளர். ஆதலின், இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் ஆராய்ந்து, அதற்கு நேராகத் தமிழ் எவற்றைக் கொண்டுள்ளது என்பதைக் காட்டப் புகுகின்றோம். இலக்கணம் ஏட்டில் மட்டுமன்றி வயலிலும் சந்தையிலும் வாழ்வதாகலின், எடுத்துக்காட்டுக்களை யாம் நன்கறிந்த குச்சனூரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் பெரும்பாலும் எடுத்துக்கொள்வோம்.

1. சொல்லின் பிறப்பு

ஆங்கில இலக்கணத்தார் பண்புச் சொல்லுக்கு மூன்று நிலை கூறுவர். உயரம் உடையது எனல் இயல்பு நிலை. ஒன்றனைவிட உயர்ந்தது எனல் ஒப்பு நிலை. எல்லாவற்றினும் உயர்ந்தது எனல் உச்ச நிலை. குறுஞ்சொற்கள் ஒப்பு நிலையில் 'அர்' என்னும் விகுதியையும், உச்ச நிலையில் 'எஸ்ட்' என்னும் விகுதியையும் பெறும். நெடுஞ்சொற்களோ விகுதி பெறாமல், 'மோர்', 'மோஸ்ட்' என்னும் சொற்களை முன்னே பெற்று வரும்.

'மோஸ்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'மேஸ்ட்' என வழங்கியது. ஜெர்மானிய மொழியில் இன்றும் 'மைஸ்ட்' என வழங்குகிறது. அளவால் மிகப் பெரியது என்பதே அதன் பழம்பொருள். ஆகவே, அச்சொல்லின் உள்ளேயே உச்ச நிலை விகுதி அடங்கிக் கிடக்கிறது. பெரியது என்னும் பொருளில் தனித்து நின்ற சொல், காலப்போக்கில் பிற சொற்களை உச்சத்திற்கு ஏற்றும் ஏணியாயிற்று.

ஈண்டு ஒரு வேடிக்கை அறியத்தக்கது. முதன்மையானது என்னும் பொருள்பட வழங்கும் 'ஃபோர்மோஸ்ட்' என்னும் சொல்லின் ஈற்றில் நிற்பது 'மோஸ்ட்' என்னும் இச்சொல்லே என்று நாம் கருதுகின்றோம். உண்மை அதுவன்று. பழைய ஆங்கிலத்தில் 'ஃபோர்ம' என்பதே முதலாவது என்னும் உச்சப் பொருள் உடையது. அப்பொருள் மங்கியபின், மக்கள் அதன்மேல் மீண்டும் 'எஸ்ட்' விகுதியைச் சேர்த்தனர். 'ஃபோர்மெஸ்ட்' என நின்ற அது, 'மோஸ்ட்' என்பதன் சாயலால் இன்றைய வடிவம் பெற்றது. உச்சத்தின்மேல் உச்சம் வைத்த சொல் அது. ஷேக்ஸ்பியரும் தம் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனியின் சொற்பொழிவில் 'மோஸ்ட்' என்பதையும் 'எஸ்ட்' விகுதியையும் ஒரே சொல்லுக்கு ஒருங்கே அளித்துள்ளார். இக்காலத்து ஆசிரியர் அதனை மாணவர் ஏட்டிற் காணின் சிவப்புக் கோடிடுவர்.

இதனால் ஓருண்மை பெறப்படும். உச்சச் சொல் வழங்க வழங்கத் தேயும் இயல்பினது. தேய்ந்தபின் அதற்கு மேலும் ஓர் உச்சம் வேண்டப்படும். இவ்வுண்மை நம் நாட்டிலும் ஒப்ப நிகழ்ந்தமை பின்னர்க் காட்டப்படும்.

2. நால்வகை வழக்கு

'மோஸ்ட்' என்னும் சொல் இன்று நான்கு பொருளில் வழங்குகின்றது. அவை பெரும்பான்மை, உச்சம், மிகுதி, எல்லை என்பனவாம்.

முதலாவது, பெரும்பான்மை. 'மோஸ்ட்' மாணவர் வந்தனர் என்றால், பாதிக்கு மேற்பட்டோர் வந்தனர் என்பது பொருள். 'மிக மாணவர்' என்று தமிழில் எழுதுவாரில்லை. 'மிகப் பல மாணவர்' என்று எழுதின் அது வேறு பொருளாம். ஆயிரம் பேருள் முந்நூற்றுவர் வரினும் மிகப் பலர் எனலாம். பெரும்பாலோர் எனல் ஆகாது. இதற்கு நம் உரையாசிரியர்களே செவ்விய சொல் தந்துள்ளனர். ஒரு விதி பலவிடத்துச் செல்வதைப் பெரும்பான்மை என்றும், சிலவிடத்து மாறுவதைச் சிறுபான்மை என்றும் அவர்கள் வரையறுத்து எழுதுவர்.

இரண்டாவது, உச்சம். ஒரு கூட்டத்துள் ஒன்றனைப் பிரித்தெடுத்து, ஏனைய எல்லாவற்றினும் இது மேம்பட்டது எனல். ஆங்கிலத்தில் 'தி' என்னும் சுட்டு இதன்முன் பெரும்பாலும் வரும்.

மூன்றாவது, மிகுதி. ஒருவர் நமக்கு உதவி செய்தவிடத்து, அவரை 'மோஸ்ட்' அன்புடையவர் என்று ஆங்கிலேயர் கூறுவர். உலகத்து மக்களையெல்லாம் அளந்து பார்த்து, அன்பில் அவரே முதல்வர் என்று முடிவு செய்தார் அல்லர். மிக்க அன்புடையவர் என்பதே கருத்து. பேராயர்க்குத் தலைவராயினாரை 'மோஸ்ட் ரெவரெண்ட்' என்று அழைத்தலும் இவ்வகையதே. வணக்கத்திற்குரியோருள் ஏனையோரெல்லாம் அவர்க்குத் தாழ்ந்தவர் என்பது அதன் கருத்தன்று. இம்மூன்றாம் வழக்கிற்கே 'மிக' என்பது முழுதும் பொருந்தும்.

நான்காவது, எல்லை. 'அட்' என்னும் சொல்லை முன்னே பெற்று, இதற்கு மேற்படாது என்னும் பொருளில் வருவது. நாம் 'அதிகபட்சம்' என்று வழங்குவது இதுவே.

முதல் வழக்கும் இரண்டாம் வழக்கும் மயங்குமிடம் ஒன்று தேர்தல். குச்சனூர் ஒரு பேரூராட்சி. அங்கே ஒரு வார்டில் நூறு பேர் வாக்களித்தனர் என்றும், மூவர் போட்டியிட்டனர் என்றும், அவர்கள் முறையே நாற்பது, முப்பத்தைந்து, இருபத்தைந்து வாக்குப் பெற்றனர் என்றும் வைத்துக்கொள்வோம். நம் நாட்டுத் தேர்தல் முறைப்படி முதல்வரே வென்றவர். 'மோஸ்ட்' வாக்குப் பெற்றவர் அவர். ஆயினும் 'மோஸ்ட்' வாக்காளர் அவர்க்கு வாக்களித்திலர். அறுபதின்மர் பிறரை விரும்பினர். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டிடத்தும் நிற்கின்றது. தமிழிலோ முன்னதை 'அதிக வாக்கு' என்றும், பின்னதைப் 'பெரும்பான்மை வாக்கு' என்றும் பிரித்துக் கூறலாம். இவ்வேறுபாட்டை அறியாது, வென்றவர் அனைவரையும் பெரும்பான்மையினர் விரும்பினர் என்று எழுதுதல் உண்மைக்கு மாறாகும்.

3. தமிழில் உச்ச நிலை

தமிழில் உச்ச நிலைக்குத் தனி விகுதி இல்லை என்பது மெய்யே. 1856-ஆம் ஆண்டில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் ஐயரும் இதனை எடுத்துக் காட்டினார். ஆயின், விகுதி இல்லை என்பதனால் பொருளும் இல்லை என்பது பெறப்படாது. தமிழ் அப்பொருளை உணர்த்தும் நெறிகளைக் காண்போம்.

மிகுதிப் பொருளுக்குத் தமிழில் உரிச்சொற்கள் பல உள. உறு, தவ, நனி என்னும் மூன்றனையும் தொல்காப்பியர் கூறினார். நன்னூலார் சால, கழி, கூர் என்பவற்றையும் உடன் வைத்தார். இவையெல்லாம் மிகுதி குறிப்பனவேயன்றி, உச்சம் குறிப்பன அல்ல. 'மிக' என்பதும் இவ்வினத்ததே. 'மிக நல்ல பையன்' என்று ஒரு வகுப்பில் பத்துப் பேரைக் கூறலாம். உச்சமோ ஒருவனுக்கே உரியது.

ஒப்புப் பொருளை ஐந்தாம் வேற்றுமை உணர்த்தும். நன்னூலார் அவ்வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் கூறுவர். 'தேனியின் தெற்குக் குச்சனூர்' என்பது எல்லை. ஓரிடத்தை வரம்பாக நிறுத்தி, அதிலிருந்து மற்றோரிடத்தை அறிவிப்பது அது. 'நெல்லின் நுண்ணிது தினை' என்பதிலும் நெல்லை வரம்பாக நிறுத்தியே தினையின் நுண்மை அறிவிக்கப்படுகின்றது. ஒப்பிட்டு உயர்த்துதற்கும் எல்லை குறித்தற்கும் ஒரே உருபு வருதல் நம் மொழியின் நுட்பமாம். எதனை வரம்பாகக் கொண்டாய் என்று கேட்ட பின்னரே தமிழ் ஒன்றனை உயர்ந்தது என்கின்றது.

உச்சப் பொருளை 'உள்', 'இல்' என்னும் உருபுகளும், உம்மையும், ஏகாரமும் கூடி உணர்த்தும். 'பழங்கள் எல்லாவற்றுள்ளும் இதுவே இனியது' என்னும் தொடரை நோக்குக. 'பழங்கள்' என்பது கூட்டத்தைக் காட்டிற்று. 'எல்லாவற்றுள்ளும்' என்பது அக்கூட்டத்தில் ஒன்றும் எஞ்சாமல் வளைத்தது. 'இதுவே' என்பதிலுள்ள ஏகாரம் ஒன்றனை மட்டும் பிரித்தது. தொல்காப்பியர் ஏகாரத்திற்குக் கூறிய ஐந்து பொருளுள் பிரிநிலை என்பது ஒன்று. ஆங்கிலத்தில் 'தி' என்னும் சுட்டும் 'மோஸ்ட்' என்னும் சொல்லும் கூடிச் செய்யும் தொழிலை, இங்கே உருபும் ஏகாரமும் கூடிச் செய்கின்றன.

இது புலவர்க்கே உரிய நடையன்று. சின்னமனூர்ப் பக்கத்தில் வாழைத்தார் வாங்க வந்தவர், "இருக்கிறதிலேயே நல்ல தாரா எடுத்துக் குடுங்கண்ணே" என்பார். 'இருக்கிறதிலேயே' என்னும் அச்சொல்லைப் பிரித்துப் பார்மின். இருக்கிறது என்பது கூட்டம். 'இல்' என்பது வரம்பு. 'ஏ' என்பது பிரிநிலை. எழுதப் படிக்கத் தெரியாதாரும் உச்ச நிலையை இவ்வளவு செம்மையாகக் கையாளுகின்றனர். அன்றியும், அவர் கேட்பது உலகத்திலேயே நல்ல தார் அன்று. கடையில் அன்று இருப்பனவற்றுள் நல்ல தார். அவர் தம் வரம்பை அறிந்து பேசுகின்றார்.

இவையன்றி, தலை, இடை, கடை என மூன்று படி வகுத்தலும் தமிழ் மரபு. தலையாயார், கடையாயார் என்பன உச்சத்தையும் அதற்கு மறுதலையான தாழ்வையும் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொற்கள். 'தலைசிறந்த' என்பதும் இதன் வழியது.

எதிர்மறையாற் கூறுதல் பிறிதொரு நெறி. 'இதனினும் சிறந்தது பிறிதில்லை' என்பர். இது உச்சம் போலத் தோன்றினும் நுட்பமான வேறுபாடு உடையது. இதனினும் சிறந்தது இல்லை என்றவிடத்து, இதனோடு ஒப்பது இருக்கலாம். இதுவே சிறந்தது என்றவிடத்து ஒப்பதும் இல்லை. இருவர் ஒரே மதிப்பெண் பெற்று முதலிடத்தில் நிற்பராயின், அவருள் எவரையும் பற்றி 'இவரினும் மிக்கார் இலர்' எனலாம். 'இவரே மிக்கார்' எனல் ஆகாது.

4. வடமொழி விகுதியும் அதன் தேய்வும்

வடமொழியில் உச்ச நிலைக்குத் 'தம' என்றும், 'இஷ்ட' என்றும் இரு விகுதிகள் உள. குச்சனூர் அமைந்துள்ள வட்டத்தின் பெயரிலேயே முன்னதைக் காணலாம். அவ்வட்டம் உத்தமபாளையம். 'உத்' என்பது மேல். 'உத்தம' என்பது மேலானவற்றுள் மேலானது. ஆங்கிலத்தின் 'எஸ்ட்' விகுதி செய்யும் தொழிலை ஈண்டுத் 'தம' என்னும் விகுதி செய்து நிற்கின்றது. நாள்தோறும் பேருந்துப் பலகையில் இப்பெயரைப் படிப்போர், அதனுள் ஓர் உச்ச நிலை விகுதி இருத்தலை நினைப்பதில்லை.

நினையாமைக்குக் காரணம் அதன் தேய்வே. 'அதைவிட இது உத்தமம்' என்று நாம் பேசுகின்றோம். உச்சமாகப் பிறந்த சொல் ஒப்பு நிலைக்கு இறங்கிவிட்டது. 'இஷ்ட' என்னும் விகுதியும் அவ்வாறே. ஜேஷ்டன் என்றால் எல்லாரினும் மூத்தவன். அதுவே மலையாளத்தில் சேட்டன் எனத் திரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் அச்சொல்லை நன்கறிவர். ஆங்கே ஒருவர்க்கு ஐந்து சேட்டன்மார் இருத்தல் கூடும். எல்லாரினும் மூத்தவர் ஐவர் இருத்தல் எங்ஙனம்? சொல்லின் உச்சம் தேய்ந்து அண்ணன் என்னும் அளவில் நின்றமையாலன்றோ? 'ஃபோர்மோஸ்ட்' என்பதற்கு ஆங்கிலத்தில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. விகுதியாற் பெற்ற உச்சம் தேயும். வரம்பு கூறிப் பெற்ற உச்சம் தேய்வதில்லை. 'எல்லாவற்றுள்ளும் இதுவே' என்னும் தொடர் எத்தனை முறை சொல்லினும் தன் பொருளை இழவாது.

5. எல்லையின் இன்றியமையாமை

உச்சம் கூறுவார் மூன்று வரம்புகளைக் கருதுதல் வேண்டும். எக்கூட்டத்துள், எவ்வளவையால், எக்காலத்தில் என்பன அவை. இவற்றை விளக்குதற்குக் குச்சனூரே ஓர் அரிய சான்று தருகின்றது.

சுரபி நதிக்கரையிலுள்ள சுயம்பு சனீஸ்வரர் கோயிலால் குச்சனூர் பேர்பெற்றது. ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் பல மாவட்டத்து மக்களும் அங்கு வந்து கூடுவர். சனி என்னும் கோளின் வடமொழிப் பெயர் சனைச்சரன் என்பது. மெல்லச் செல்வோன் என்பது அதன் பொருள். மந்தன் என்னும் பெயரும் அக்கருத்ததே. அக்கோள் கதிரவனை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. வியாழனுக்கோ ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளே. பன்னிரண்டு இராசிகளையும் சனி கடக்க முப்பது ஆண்டெனக் கொண்டு, ஓர் இராசிக்கு இரண்டரை ஆண்டு என்றனர் பழங்கணிதர். மூன்று இராசிக்கு ஏழரை ஆண்டு. ஏழரைச் சனி என்னும் வழக்கின் பின்னுள்ள கணக்கு இதுவே.

இனி, 'கோள்களுள் மிக மெதுவாகச் செல்வது சனியே' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பழங்காலத்தார் அறிந்த கோள்களுள் அது முற்றும் உண்மை. 1781-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். அது கதிரவனைச் சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். 1846-இல் நெப்டியூன் கண்டறியப்பட்டது. அதற்கு ஏறக்குறைய 165 ஆண்டுகள். சனி தன் நடையை மாற்றிற்றில்லை, கூட்டம் பெருகிற்று, உச்சம் பொய்த்தது. ஆயினும், 'மெல்லச் செல்வோன்' என்னும் பழம்பெயர் பொய்க்கவில்லை. பெயரிட்டோர் உச்சம் கூறாது இயல்பைக் கூறி அமைந்தமையால், அப்பெயர் இன்றும் வாய்மையாக நிற்கின்றது.

காலவரம்பும் அவ்வாறே. மிகப் பல துணைக்கோள்களை உடையது எது என்னும் வினாவிற்கு, 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வியாழன் என்பது விடை. அவ்வாண்டு மே மாதத்திற்குள் சனி என்பது விடையாயிற்று. 2025 மார்ச்சில் சனிக்குரிய துணைக்கோள்களின் எண்ணிக்கை 274 ஆயிற்று. ஆண்டு குறியாது இத்தகைய உச்சத்தை எழுதுவோர், தம் ஏட்டை விரைவிற் பழைய ஏடாக்குவர்.

இடவரம்பிற்கு மலைகளைக் காண்க. தமிழ்நாட்டுச் சிகரங்களுள் மிக உயர்ந்தது நீலகிரியிலுள்ள தொட்டபெட்டா. அதன் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியச் சிகரங்களுள் மிக உயர்ந்ததோ கேரளத்து ஆனைமுடி; அதன் உயரம் 2,695 மீட்டர். இரண்டும் உண்மை. வரம்பை நீக்கிவிட்டு, 'தொட்டபெட்டாவே மிக உயர்ந்த சிகரம்' என்றால் பொய்யாம்.

அரசாங்க வழக்கிலும் இவ்வாராய்ச்சி பயன்படும். 1989-ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கம், பிற்படுத்தப்பட்டோர்க்குரிய நூற்றுக்கு 50 இடங்களுள் 20 இடங்களைப் பிரித்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும் ஒதுக்கியது. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் 'எம்.பி.சி.' என்று நாம் எழுதுவதில் முதல் எழுத்து இந்த 'மோஸ்ட்' என்பதையே குறிக்கும். ஈண்டு அது நாட்டு மக்கள் அனைவருள்ளும் பிற்பட்டவர் என்னும் பொருளதன்று. ஏனெனில் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் வேறு ஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் என்னும் ஒரு கூட்டத்துள் மேலும் பிற்பட்டோரைப் பிரித்தமையே அதன் பொருள். 'மிகவும்' என்னும் தமிழ்ச் சொல் மட்டும் அக்கூட்டத்தைக் காட்டவில்லை. சட்டத்தின் பின்புலமே காட்டுகின்றது.

6. வேதமொழிபெயர்ப்பார் கைக்கொண்ட நெறி

உச்ச நிலை விகுதி இல்லாத மொழி தமிழ் ஒன்றே அன்று. எபிரெய மொழியிலும் அஃது இல்லை. ஆதலின், எபிரெயர் ஒரு பெயரை அதன் பன்மையோடு அடுக்கி உச்சம் உணர்த்தினர். பாட்டுக்களின் பாட்டு என்பது அவர் வழக்கு. நாம் அந்நூலை உன்னதப்பாட்டு என்கின்றோம். பரிசுத்தங்களின் பரிசுத்தம் என்பது மகா பரிசுத்த ஸ்தலம் ஆயிற்று. இவ்வடுக்கு நெறியில் வந்த ராஜாதி ராஜா, தேவாதி தேவன் என்னும் தொடர்களோ நம் செவிக்குப் புதியன அல்ல. மன்னர் மன்னன் என்பது போன்ற வழக்குத் தமிழிலும் உண்டு.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் உச்ச நிலை விகுதி உண்டு. எனினும், அக்காலத்துப் பேச்சுக் கிரேக்கத்தில் அவ்விகுதி பலவிடத்துத் தேய்ந்து மிகுதிப் பொருளே தந்தது. மிகச் சிறியது, எல்லாவற்றினும் சிறியது என்னும் இரு பொருளுக்கும் 'எலாகிஸ்தோஸ்' என்னும் ஒரே சொல் வழங்கியது. நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொல் ஈரிடத்து இருவகையாகப் பெயர்க்கப்பட்டுள்ளது. மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில், பசித்தோரையும் நோயுற்றோரையும் சிறைப்பட்டோரையும் குறிக்குமிடத்து 'மிகவும்' என்னும் மிகுதிச் சொல் நிற்கின்றது. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், பவுல் தம்மை அப்போஸ்தலரோடு வைத்துத் தாழ்த்திக் கூறுமிடத்து 'எல்லாரிலும்' என்னும் வரம்புச் சொல் நிற்கின்றது.

இவ்வேறுபாடு பொருட்செறிவு உடையது. முன்னையிடத்து உச்சப் பொருள் கொள்ளின், சிறியோர் அனைவரையும் வரிசைப்படுத்தி, எல்லாரினும் கடையன் ஒருவனைத் தேடி அவனுக்கு மட்டும் உதவுக என்பது போலாகும். மிகுதிப் பொருள் கொள்ளின், மிக எளியராய் நம் கண்முன் வருவார் எவரும் அதனுள் அடங்குவர். ஒரு சொல்லின் இலக்கணம் அறச்செயலின் பரப்பையே சுருக்கவும் விரிக்கவும் வல்லது என்பது இதனால் விளங்கும். பின்னையிடத்தோ பவுல் தம்மை ஒரு கூட்டத்துள் வைத்தே அளக்கின்றார். ஆகவே வரம்பு கூறப்பட்டது.

7. 'அதிகபட்சம்' என்னும் எல்லை

நான்காம் வழக்காகிய எல்லைப் பொருளை இறுதியில் வைத்தது, கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வு அதனோடு பிணைந்து கிடத்தலினாலேயாம்.

முல்லைப் பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டில் நிறைவேறியது. மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அவ்வணையால், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் வயலாக உள்ளது. அணையின் முழுக் கொள்ளளவுக்குரிய நீர்மட்டம் 152 அடி. அணையின் உறுதி பற்றி ஐயம் எழுந்தமையால், 1979-இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2006-இல் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அதன்பின் எழுந்த வழக்கில், 2014 மே 7-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசமைப்பு அமர்வு அதனை உறுதி செய்தது.

இங்கே 'மோஸ்ட்' என்பது புகழ்ச்சிச் சொல் அன்று, அளவுகோல். 'அதிக நீர்' என்பதற்கும் 'அதிகபட்சம் 142 அடி நீர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு சொல்லின் வேறுபாடே. ஆயின், அணைக்குக் கீழே மேற்கில் வாழ்வார்க்கு அது பாதுகாப்பு; கிழக்கில் உழுவார்க்கு அது விளைச்சல். இத்தகைய இடத்தில் 'மிக' என்று எழுதி ஒருவரும் அமையார். எண்ணும் வரம்பும் கூறியே தீர்வர். உயிரும் பயிரும் தொடர்புற்ற இடத்தில் நாம் காட்டும் இக்கவனத்தை ஏனைய இடங்களிலும் காட்டுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

இவ்வெல்லைப் பொருளுக்குத் தமிழில் இரண்டு அழகிய சொற்கள் உள. ஒன்று 'வரை' என்பது. அஃது எல்லையையும் உணர்த்தும், மலையையும் உணர்த்தும். இருபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் நின்று நோக்குவார்க்கு, மலையும் எல்லையும் ஒரு சொல்லாயினமை வியப்பன்று. மற்றொன்று 'வரம்பு'. அது வயலின் வரப்பு. 1961-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் ஐவர் அடங்கிய குடும்பத்திற்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரே மேலெல்லை என்று வகுக்கப்பட்டு, 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டபோது, அவ்வெல்லை நில உச்சவரம்பு என்றே வழங்கப்பட்டது. உச்சமும் வரம்பும் ஒரே தொடரில் இணைந்து நிற்றலைக் காண்க. உச்சம் என்பது வானளாவ ஏறுவதன்று. வரப்புக் கட்டி நிறுத்தப்படுவது என்னும் தெளிவு அச்சொல்லுள் அடங்கியுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், 'மோஸ்ட்' என்னும் சொல் நான்கு பொருள் உடையது என்பதும், பெரும்பான்மைக்குப் 'பெரும்பாலான' என்றும், உச்சத்திற்கு 'எல்லாவற்றுள்ளும் இதுவே' என்றும், மிகுதிக்கு 'மிக' என்றும், எல்லைக்கு 'அதிகபட்சம்' அல்லது 'வரை' என்றும் இடமறிந்து எழுதுதல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன. மொழிபெயர்ப்பில் 'மிகச் சிறந்த' என்று எழுத நேர்ந்தால், எக்கூட்டத்துள் என்று தம்மைத் தாமே வினவி, விடையையும் உடன் எழுதுக. 'உலகின் மிகச் சிறந்த', 'வகுப்பிலேயே சிறந்த' எனக் கூட்டம் சுட்டப்பட்டவிடத்துக் குற்றமில்லை. கூட்டம் இன்னதென்று தோன்றாவிடின், 'சிறந்த' என்று மட்டும் எழுதி அமைக. அதனால் பொருள் குறைவதில்லை, பொய் குறையும்.

விகுதி உடைய மொழியில் வரம்பை மறைத்து உச்சம் பேசுதல் எளிது. விகுதி இல்லாத தமிழிலோ, உச்சம் பேசுவார் கூட்டத்தை உடன் கூறியே தீர வேண்டியவராகின்றனர். இதனைக் குறை என்று கூறுவார் கூறுக. வாய்மைக்குக் காவலாக அமைந்த மொழியமைப்பு என்றே நாம் கொள்வோம். தம் கல்லூரியையும் தம் ஊரையும் தம் மொழியையும் எல்லாவற்றினும் சிறந்தவை என்று கூற விழையும் மாணவ நண்பர்கள், எவற்றுள், எவ்வளவையால், எக்காலத்தில் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறியபின் அதனைக் கூறுவாராக. அங்ஙனம் கூறப்படும் புகழ் சிறிதாயினும் நிலைத்து நிற்கும்.